சத்தியக் கடதாசிகளின் காலம்: செசிலியா ரசோவ்ஸ்கி

வரலாறு தலைவர்களையும் இயக்கங்களையும் நினைவில் வைத்திருக்கிறது. அகதிகளின் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர்களை அது சுலபமாக மறந்துவிடுகிறது. அப்படி மறக்கப்பட்டவர்களில் ஒருவர் செசிலியா ரசோவ்ஸ்கி.

அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில், குடியேறி வந்த யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர் இவர். குடிவரவாளருக்கு ஆங்கிலம் கற்பித்தார். பின் வாஷிங்டனில், அரசின் சிறுவர் பணியகத்தில் வேலை செய்தார். 1920களில் யூதப் பெண்களின் தேசிய சபையில் குடிவரவாளர் உதவிப் பணிக்குப் பொறுப்பானார். 1921, 1924ம் ஆண்டுச் சட்டங்கள் நாட்டுவாரியாக ஒதுக்கீடு விதித்து அமெரிக்காவின் கதவை ஒடுக்கிய காலம் அது. சட்டத்தைச் சாதாரண மனிதருக்கு விளக்கும் கைநூல்களை அவர் எழுதினார்.

1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் இந்த அறிவு உயிர்காக்கும் அறிவாயிற்று. ஜேர்மனிக்கும் ஒஸ்ரியாவுக்கும் சேர்த்து 1938ல் இருந்த ஆண்டு ஒதுக்கீடு 27,370 மட்டுமே. அதற்கு முந்திய ஆண்டுகளில் ஜேர்மனியின் ஒதுக்கீடுகூட முழுமையாக நிரப்பப்படவில்லை. ‘அரசுக்குப் பாரமாகக்கூடியவர்’ என்ற ஒரு வாசகத்தைக் கொண்டே தூதரக அதிகாரிகள் விசாவை மறுத்தனர். அதை வெல்ல, அமெரிக்காவிலுள்ள ஒருவர் தமது வருமானத்தையும் சேமிப்பையும் காட்டி ஒரு சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும். ரசோவ்ஸ்கியின் அலுவலக வாழ்வு இத்தகைய கடதாசிகளுக்கிடையே கழிந்தது.

1934ல் பெற்றோரின்றி ஜேர்மனியச் சிறுவரை அழைத்துவரும் அமைப்பொன்று உருவாகியது. அதன் பின்னால் நின்று இயங்கியவர்களில் அவர் முக்கியமானவர். அரச பணம் தொடப்படமாட்டாது, ஒவ்வொரு பிள்ளையையும் தனியார் பொறுப்பேற்கவேண்டும், விளம்பரம் கூடாது என்பவை அதன் நடைமுறைகள். இவ்வாறு பல்வேறு முயற்சிகள் மூலம் 1945 வரையில் அமெரிக்கா வந்து சேர்ந்த சிறுவர் ஏறத்தாழ 1,000 பேர். பிரித்தானியாவோ 1938 டிசம்பர் முதல் ஒன்பது மாதங்களில் ஏறத்தாழ 10,000 சிறுவரை ஏற்றது. 20,000 சிறுவரை ஒதுக்கீட்டுக்கு வெளியே அனுமதிக்கும்படி 1939ல் அமெரிக்கக் காங்கிரசில் முன்வைக்கப்பட்ட மசோதா, வாக்கெடுப்புக்கே வராமல் செத்துப்போயிற்று.

அதே 1939 மே மாதம், அவர் பிறந்த நகரின் பெயரையே தாங்கிய ‘சென் லூயிஸ்’ கப்பல் 937 பயணிகளோடு ஹம்பேர்க்கிலிருந்து ஹவானாவை அடைந்தது. கியூபா 28 பேரையே இறங்கவிட்டது. சட்டத்தரணி லோரன்ஸ் பெரன்சனோடு ரசோவ்ஸ்கியும் அங்கு அனுப்பப்பட்டார். பேச்சுவார்த்தை தோற்றது. அமெரிக்காவும் இடம் தரவில்லை. கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. பிரித்தானியா, பிரான்ஸ், பெல்ஜியம், ஒல்லாந்து ஆகிய நாடுகள் பயணிகளைப் பகிர்ந்துகொண்டன. அவர்களுள் 254 பேர் பின்னர் இன அழிப்பில் மாண்டனர். போர் முடிந்தபின்னும் ஐரோப்பாவில் இடம்பெயர்ந்தோர் மத்தியில் பணிசெய்த ரசோவ்ஸ்கி 1968ல் காலமானார்.

இங்கே ஒரு விவாதம் எழுகிறது. ஓசையின்றிச் சட்டத்துக்குள் நின்று வேலைசெய்தது சரியா? சத்தமிட்டால் உள்ள ஒதுக்கீட்டையும் குறைத்துவிடுவார்கள் என்ற அச்சம் அன்றைய யூத நிறுவனங்களுக்கு இருந்தது. அது வீண் அச்சமல்ல. ஒதுக்கீட்டை மேலும் வெட்டும் மசோதாக்கள் உண்மையிலேயே முன்வைக்கப்பட்டன. ஆயினும் அநீதியான சட்டமொன்றை மிகத் திறமையாகக் கையாளுபவர், அச்சட்டம் நியாயமானதே என்ற தோற்றத்துக்கும் தம்மையறியாமல் துணைபோகக்கூடும். கதவைத் திறக்கும் அரசியல் அவரது கையில் இருக்கவில்லை. அதைச் செய்யவேண்டியவர்கள் செய்யவுமில்லை. குறை அங்கேதான் என்பது என் கருத்து.

தொழிற்சாலையில் என்னோடு வேலைசெய்யும் இளைஞர்கள், தஞ்சக் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட கடிதங்களை இடைவேளையில் கொண்டுவந்து வாசித்துச் சொல்லக் கேட்பதுண்டு. பல்கலைக்கழகத்தில் நான் நடத்திய விரிவுரைகள் அவர்களுக்குத் தேவையில்லை. மேன்முறையீட்டுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்பதே தேவை. நாம் பத்திரிகைகளில் விவாதிப்போம், விவாதிக்கவும் வேண்டும். ஆனால் அந்த நாட்களை எண்ணிச் சொல்ல எம்மில் எத்தனை பேர் ஆயத்தமாயிருக்கிறோம்?