இல்லில் அட்ட தேறல்: சங்க கால மனைகளில் மதுவாக்கம்

சங்க இலக்கியத்தில் கள் என்றதும் நம் நினைவில் முதலில் எழுவது வள்ளலின் கை. கள் சிறிதளவே இருந்தால் அதைப் பாடுவோர்க்கே தந்துவிட்ட அதியமானை ஒளவையார் கையறுநிலையில் (புறம். 235) நினைந்து வருந்துகிறார். தேளின் கடுப்பை ஒத்த தேறல் (புறம். 392) என்றும், பாம்பு வெகுண்டாற்போன்ற தேறல் (சிறுபாண். 237) என்றும் வரும் உவமைகளை நாம் மேடைதோறும் எடுத்துரைக்கிறோம். கொடுத்தவன் யார், பருகியவன் யார் என்பதை நன்கறிவோம். ஆக்கியவர் யார் என்னும் வினா மட்டும் எழுவதில்லை. அதனை எழுப்பிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதில் என் பிழையும் ஒன்று உண்டு. நான் மாணவியாக இருந்த நாளில், பெரும்பாணாற்றுப்படையை நடத்திய பேராசிரியர் வலைஞர் குடியிருப்பைப் பற்றிய பகுதிக்கு வந்ததும், "இந்த எட்டு அடிகளையும் நீங்களே படித்துக்கொள்ளுங்கள்" என்று கூறிக் கடந்துவிட்டார். பெண்கள் மட்டுமே பயின்ற வகுப்பு அது. பின்னர் ஆசிரியப் பணிக்கு வந்த நானும் அவ்வடிகளை அதே சொற்களால் கடந்தேன். என் முனைவர் பட்ட ஆய்வேட்டிலும் அவற்றை 'ஆடவர் பொழுதுபோக்கு' என்னும் உட்தலைப்பின்கீழ் ஒரு பட்டியலாக அடக்கிவிட்டேன். அத்தலைப்பு பொருந்தாது என்று உணரப் பல்லாண்டுகள் ஆயின.

ஆக்கும் முறை

உ.வே.சாமிநாதையர் 1889ஆம் ஆண்டு நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டைப் பதிப்பித்தார். அதனுள் அடங்கிய பெரும்பாணாற்றுப்படை, தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. ஆற்றுப்படுத்தப்படும் பாணனுக்கு வலைஞர் மனையில் கிடைக்கும் உணவைச் சொல்லவந்த புலவர் (அடி 275-282), அதனை ஆக்கும் முறையையே வரிசை பிறழாது சொல்லிவிடுகிறார்.

குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழாக்க வேண்டும். வாயகன்ற பிழாவில் ஊற்றி அதனை ஆற்ற வேண்டும். நெல்முளையாகிய அடையை அதனுடன் கலக்க வேண்டும். வலிய வாயையுடைய சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, பச்சை மணம் போக விளையவிட வேண்டும். பின் விரலால் அலைத்துப் பிழிந்து அரித்தெடுக்க வேண்டும். வழிநடந்து தளர்ந்தவர்க்கு அது சுட்ட மீனோடு கிடைக்கும்.

இதில் வீணான செய்கை ஒன்றுமில்லை. முளைவிடும் நெல்லில் தோன்றும் நொதிகள் கூழின் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்குகின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அச்சர்க்கரையை மதுவாக்குகிறது. கூழ் கொதிக்கும்போதே முளையைக் கலந்தால் இரண்டும் செயலிழக்கும். ஆகவேதான் முதலில் ஆற்ற வேண்டியிருக்கிறது. நொதித்தல் உயிர்ப்பொருளின் செயல் என்பதை 1857ஆம் ஆண்டு முதல் லூயி பாஸ்டர் வெளியிட்ட ஆய்வுகள் உலகுக்கு நிறுவின. பிழாவில் கைவைத்துச் சூடு பார்த்தவர்கள் காரணம் அறியாமலே அதன் பயனை அறிந்திருந்தனர்.

கவிஞர்கள் கருதத்தக்க செய்தி ஒன்றும் இங்குண்டு. முளையடைக்குப் புலவர் கூறும் உவமை, பாம்பு உறையும் புற்றினுள் இருக்கும் குரும்பி. முளைத்த நெல் வேரோடு வேர் பின்னி ஒரே அடையாகத் திரண்டிருப்பதையும், கரையான் கட்டிய குரும்பியின் துளைநிறைந்த புறத்தையும் அருகருகே கண்டவர்க்கே இவ்வுவமை தோன்றும். அவர் மனையின் உட்புறம் வரை சென்று பார்த்திருக்க வேண்டும்.

யாருடைய விரல்?

கூழில் அலைந்த விரல் யாருடையது என்று அவ்விடத்தில் சொல்லப்படவில்லை. ஏறத்தாழ அறுபது அடிகள் கடந்து, கடற்றுறைப் பட்டினத்தைக் காட்டுமிடத்தில் விடை வருகிறது. அங்கே கள் அடும் மகளிர் வட்டில் கழுவிய நீர் வழிந்து குழம்பாகிறது; அச்சேற்றில் பன்றிகள் குட்டிகளோடு புரள்கின்றன. வள்ளலின் பொற்கலத்தைப் பாடிய மரபே இந்தக் கழுநீரையும் பாடியிருக்கிறது. நாம்தான் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட்டோம்.

'அடுதல்' என்னும் வினையே போதிய சான்று. சோறு அடுவதும் கள் அடுவதும் சங்கத் தமிழில் ஒரே வினை. அடுப்பு, அட்டில், அடுகலம் யாவும் அவ்வேரிற் பிறந்தவை. மதுவின் பெயர்களுள்ளும் பல வினைவழி வந்தவை: பிழிந்தது பிழி, அரித்தது அரியல், தெளிந்து தேறியது தேறல். பருகியவனின் மயக்கத்தால் அன்றி, ஆக்கியவரின் செய்கையால் அமைந்த பெயர்கள் இவை.

விலைக்குக் கொண்ட மதுவும் அன்று இருந்தது. பெரும்பாணாற்றுப்படையிலேயே, கவர்ந்த ஆநிரையை நறவுக்கு விலையாகத் தந்தவர்கள் வீட்டில் அட்ட தோப்பியையும் பருகுகின்றனர். பட்டினப்பாலை கள் விற்கும் மனைக்குக் கட்டிய கொடியைக் காட்டுகிறது. யவனர் கலங்களில் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் ஏந்திப் பாண்டியன் நன்மாறன் மகிழ்ந்ததை நக்கீரர் பாடுகிறார் (புறம். 56). புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, மத்தியதரைக் கடற்பகுதியின் இருபிடிச் சாடிகளின் ஓடுகளைக் காட்டிற்று. ஆயினும் கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த 'பெரிப்ளஸ்' என்னும் கிரேக்க நூல், முசிறிப் பக்கம் இறங்கிய மது மிகுதியன்று என்றே குறிக்கிறது. அரசன் அவைக்கு அது போதும். குடிகளின் சாடி வீட்டிலேயே நிறைந்தது.

பறம்பின் குடில்கள்

பாரியின் பறம்பு நாட்டைக் கபிலர் பாடிய புறம் 120இல் அச்சாடியின் இடம் தெளிவாகிறது. வரகும் தினையும் எள்ளும் அவரையும் முறையே விளைந்தபின், நிலத்தில் புதைத்து முதிர்வித்த தேறல் புல்வேய்ந்த குடில்தோறும் பகிரப்படுகிறது. நெய்யில் கடலை துள்ளுகிறது, சோறு ஆகிறது, மகளிர் உண்கலங்களைக் கழுவுகின்றனர். இவ்வளமெல்லாம் கெட்டுவிடுமோ என்பதே கபிலரின் கலக்கம். ஒரு நாட்டின் அழிவை எண்ணும் புலவர்க்குக் கோட்டையொடு நிகராக நினைவுக்கு வருவது, குடில்தோறும் பகிர்ந்த அந்தத் தேறல்.

பிற்காலத்தில் இந்நிலை மாறியது. திருக்குறள் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. பல்லவர் செப்பேடுகள் கள்ளிறக்குவோர் செலுத்திய ஈழப்பூட்சி என்னும் வரியைக் குறிக்கின்றன. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டம் உரிமமின்றி மது ஆக்குவதைக் குற்றமாக்கியது. 1937 அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு தொடங்கியது. 1983இல் மது மொத்த விற்பனைக்கு அரசு நிறுவனமே அமைந்தது. வீட்டுச் சாடியில் தொடங்கிய பொருள் இவ்வாறு கடைச்சரக்காயிற்று.

வகுப்பறையில்

சென்ற ஆண்டு அவ்வெட்டு அடிகளையும் முழுமையாக நடத்தினேன். "எங்கள் பாட்டி மாவு கரைத்து வைப்பதைப் போலவே இருக்கிறது, அம்மா" என்றாள் ஒருத்தி. உளுந்தும் அரிசியும் அரைத்துக் கையால் கரைத்து இரவெல்லாம் பொங்கவிடும் அறிவும் இதன் உறவே. மற்றொருத்தி தலைகுனிந்திருந்தாள். வகுப்பு முடிந்தபின் வந்து, "எங்கள் வீட்டில் அப்பா குடித்தே எல்லாம் போயிற்று. இதைப் பாடமாகக் கேட்க எனக்கு மனம் வரவில்லை, அம்மா" என்றாள்.

நான் உடனே விடை சொல்லவில்லை. மறுநாள் அகநானூற்றின் 348ஆம் பாடலை வகுப்பில் படித்தேன். முன்றிலில் நின்ற மாமரத்தின் கனியும், பலாச்சுளையும், தேனிறாலும் கலந்து மூங்கிற் குழாயில் முதிர்ந்த தோப்பி அதில் வருகிறது. மலையுறை தெய்வத்துக்குப் படைத்தபின், தழையுடுத்த மகளிர் ஊட்டக் குறவர் அதனை மாந்துகின்றனர். மாந்தியவர்கள் தினைப்புனத்தை மறக்கின்றனர். யானைகள் வந்து தினையைக் கவர்கின்றன.

புலவர் எதையும் மறைக்கவில்லை. பழுத்த கனியின் மணத்தையும் சொன்னார். தினை போனதையும் சொன்னார். தினை போனால் அடுக்களையில் உலை ஏறாது. அந்த இழப்பு யார் தலையில் விழும் என்பதை அம்மாணவிக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவள் அப்பாடலைப் படியெடுத்துக்கொண்டாள்.

கள்ளைப் போற்றுவது இக்கட்டுரையின் கருத்தன்று, பழிப்பதும் அன்று. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆக்கியவரும் இழந்தவரும் மனையில் இருந்தனர் என்பதையும், சங்கப் புலவர்கள் அவ்விருவரையும் கண்டனர் என்பதையும் பதிவு செய்வதே என் கடன். என் ஆய்வேட்டின் அந்த உட்தலைப்பை இன்று எழுதுவேனாயின், 'மகளிர் கைத்தொழில்' என்றே எழுதுவேன்.