ஐந்து வாட்டின் இரு வரலாறுகள்

அமெச்சூர் வானொலியாளர்களின் வழக்கில் ‘கியூஆர்பி’ என்றொரு சொல் உண்டு. மோர்ஸ் குறிகளைப் பொறுத்தவரை, 5 வாட்டுக்கு மேற்படாத ஆற்றலில் அலைபரப்புவதை அது குறிக்கிறது. சொல்லின் பிறப்பு வேறிடத்தில் நிகழ்ந்தது. கப்பல்களும் கரையோர நிலையங்களும் மொழி வேறுபாடின்றிச் செய்தி பரிமாறிக்கொள்ள வகுக்கப்பட்ட குறிகளுள் இதுவும் ஒன்று. 1912ஆம் ஆண்டின் லண்டன் மாநாடு அக்குறிகளை உலகப் பொதுவாக்கியது. வினாவாக அனுப்பினால் ‘ஆற்றலைக் குறைக்கட்டுமா?’ என்றும், ஏவலாக அனுப்பினால் ‘குறைத்துக்கொள்’ என்றும் பொருள். ஏவலாகப் பிறந்த குறி நாளடைவில் ஒரு வகைக் கருவிக்கும், அதைக் கட்டுவோரின் கொள்கைக்கும் பெயராயிற்று.

பிரிட்டனில் இச்சொல்லின் வரலாறு விருப்பத்தின் வரலாறு. ஜார்ஜ் டாப்ஸ் என்னும் பாதிரியார் 1974இல் ‘ஜி-கியூஆர்பி’ கழகத்தைத் தொடங்கியபோது, 100 வாட் கருவியைக் கடையில் வாங்க வழியுள்ள ஒரு சமூகத்தில் சிலர் தாமாகவே சிறிய ஆற்றலைத் தேர்ந்துகொண்டனர். இந்தியாவில் நிலைமை அவ்வாறன்று. இங்கே வீட்டில் கட்டப்பட்ட அலைபரப்பியின் அளவையும் வடிவையும் இரண்டு பொருள்கள் தீர்மானித்தன: ஒன்று உரிமம், மற்றொன்று உதிரிபாகம். சொல் ஒன்றாயினும் வரலாறு இரண்டு என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் கருவியைக் காண்போம். குவார்ட்ஸ் படிகம் ஒன்று அலைவெண்ணை நிலைநிறுத்தும். ஒரு டிரான்சிஸ்டர் அலைவை உண்டாக்கும்; மற்றொன்று அதைப் பெருக்கும். கம்பிச்சுருள்களும் மின்தேக்கிகளும் சேர்ந்த வடிப்பான், அடிப்படை அலைவெண்ணின் மடங்குகளாக எழும் வேண்டாத அலைகளைத் தடுத்து, எஞ்சியதை ஆன்டெனாவுக்கு அனுப்பும். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் ஆற்றல் இருபதில் ஒரு பங்காகிறது. எனினும் கேட்பவர் பக்கத்தில் அது 13 டெசிபல் வீழ்ச்சி மட்டுமே. அயனிமண்டலம் துணைநிற்கும் வேளையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கடக்க அந்த ஆற்றல் போதும். சிறிய கருவியும் தொலைவு செல்லும் என்பதால்தான் அரசுகள் அதை விளையாட்டுப் பொருளாகக் கருதவில்லை.

இந்தியாவில் வானொலியே ஆர்வலர்களின் கையில் தொடங்கியது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் உருவாயிற்று. அதே ஆண்டு ஜூலை 31 அன்று 40 வாட் அலைபரப்பியைக் கொண்டு அது ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமுடையால் 1927இல் கழகம் நின்றுபோனது. அதன் கருவியைப் பெற்றுக்கொண்ட சென்னை மாநகராட்சி 1930இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது. ஆர்வலர் கட்டியதை அரசு அமைப்பொன்று ஏற்று நடத்திய காலம் அது.

அந்த இணக்கம் நீடிக்கவில்லை. 1933ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டம், உரிமமின்றி வானொலிக் கருவியை வைத்திருப்பதையே குற்றமாக்கியது. இயக்குவது மட்டுமன்று, உடைமையே குற்றம் என்னும் இக்கருத்து நம் கவனத்துக்குரியது. 1939இல் போர் மூண்டதும், அமெச்சூர்கள் தம் அலைபரப்பிகளை ஒப்படைக்குமாறு ஆணை பிறந்தது.

மூன்றாண்டுகள் கழித்து, வெள்ளையனே வெளியேறு இயக்கத்தின்போது, பம்பாயில் காங்கிரஸ் வானொலி தலைமறைவாக இயங்கியது. உஷா மேத்தாவும் தோழர்களும் அதை நடத்தினர். அலைபரப்பியை அமைத்துத் தந்தவர் நரிமன் பிரிண்டர் என்னும் அமெச்சூர். இடம்விட்டு இடம் மாறியபடி இயங்கிய அந்நிலையம் 1942 நவம்பர் 12 அன்று காவல்துறையிடம் சிக்கியது. உஷா மேத்தாவுக்கு நான்காண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. நிலையம் அறிவித்த அலைநீளம் 42.34 மீட்டர். கணக்கிட்டுப் பார்த்தால் அது ஏறத்தாழ 7.08 மெகாஹெர்ட்ஸ், அமெச்சூர்களுக்குரிய 40 மீட்டர் வரிசைக்குள் விழுகிறது. விடுதலைக் குரலின் பின்னால் இருந்தது அமெச்சூர்களின் கைப்பழக்கம் என்பதற்கு அந்த எண்ணே ஒரு தடயம் எனக் கருதுகிறேன். வழக்கில் நிறுத்தப்பட்டவர்களுள் வானொலிக் கருவி வணிகரான நானக் மோட்வானியும் ஒருவர் என்பது அதனினும் முக்கியம். பேசியவரைத் தேடிய அரசு, கருவி வந்த வழியையும் தேடியது.

விடுதலைக்குப் பின்னும் 1933ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்ந்தது. அதை நீக்கும் தொலைத்தொடர்புச் சட்டம் 2023இல்தான் இயற்றப்பட்டது. ஆயினும் உரிமம் பெற்றவரையும் அடுத்த தடை காத்திருந்தது. இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சுங்கவரியும் ஓங்கியிருந்த காலத்தில், கடைவீதியில் எது கிடைக்கிறதோ அதுவே மின்சுற்றை வரைந்தது.

படிகத்தையே சான்றாகக் கொள்ளலாம். அமெரிக்க வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியில் இருந்த 3.579 மெகாஹெர்ட்ஸ் படிகம், தற்செயலாக அமெச்சூர்களின் 80 மீட்டர் வரிசைக்குள் அமைந்தது. பழைய பெட்டியைப் பிரித்தால் அலைபரப்பியின் இதயம் அங்கே மலிவாகக் கிடைத்துவிடும். 1982இல் வண்ணத்துக்கு மாறிய இந்தியாவோ ‘பால்’ முறையைக் கைக்கொண்டது. அதற்குரிய 4.433 மெகாஹெர்ட்ஸ் படிகம் எந்த அமெச்சூர் வரிசையிலும் சேராது. அயல்நாட்டு இதழில் வந்த வரைபடம் இங்கே பொருந்தாமற்போனதற்குக் காரணம் அறிவுக்குறை அன்று. தொலைக்காட்சித் தரம் பற்றிய ஓர் அரசு முடிவு. பின்னர் பொத்தான் தொலைபேசிகள் பரவியபோது, அவற்றின் ஒலிக்குறிச் சுற்றுகளின் வழியே அதே 3.579 படிகம் நம் கடைவீதிக்கும் வந்துசேர்ந்தது.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் ஐதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வெளியிட்ட ‘பிட்எக்ஸ்20’ வடிவமைப்பு இவ்வரலாற்றின் கனிந்த பயன் எனலாம். 14 மெகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ 6 வாட் ஆற்றலுடன் பேச்சை அனுப்பவும் வாங்கவும் வல்ல கருவி அது. கம்பி சுற்றத் தேவைப்படும் ஃபெரைட் வளையங்கள் எளிதில் கிடைக்காதபோது, தண்ணீர்க் குழாயில் இடும் நைலான் வாஷர்களின்மேல் சுருள்கள் சுற்றப்பட்டன. அலைவடிப்புக்குக் கணினிப் பலகைகளில் காணப்படும் 10 மெகாஹெர்ட்ஸ் படிகங்கள் போதுமாயின. தட்டுப்பாட்டை முன்னிட்டு வரையப்பட்ட இச்சுற்று உலகின் பல நாடுகளில் கட்டப்பட்டது. காரணம் எளிது: இந்தியக் கடைவீதியில் கிடைப்பதைக் கொண்டு கட்ட முடிந்தால் எந்த ஊரிலும் கட்டலாம். பற்றாக்குறை இங்கே பொதுமையாக மாறியது.

ஓர் ஆவணச் சிக்கலையும் ஆய்வு மாணவர்கள் கருத வேண்டும். காங்கிரஸ் வானொலியைப் பற்றி இன்று விரிவாக அறிய முடிவதற்கு ஒரு முதன்மைக் காரணம் அது பிடிபட்டதே. காவல் கோப்புகளும் வழக்குப் பதிவுகளும் அதைக் காத்தன. சட்டத்துக்குட்பட்டு அமைதியாக இயங்கிய வீட்டு நிலையங்களுக்கு அத்தகைய ஆவணக் காவலர் எவருமில்லை. ஒரு கருவியைப் பிரித்துத்தான் அடுத்ததைக் கட்டினார்கள்; ஆகவே கருவியும் எஞ்சாது. எஞ்சுவன கையால் வரைந்த சுற்றுப்படங்கள், தொடர்பு நாட்குறிப்புகள், தொலைவிலிருந்தோர் அனுப்பிய ‘கியூஎஸ்எல்’ அட்டைகள். உங்கள் குடும்பத்திலோ சுற்றத்திலோ இத்தகைய தாள்கள் இருப்பின், பழைய காகிதத்தோடு எடைக்குப் போடுவதற்குமுன் ஒருமுறை படியெடுத்து வையுங்கள். வீட்டு மேசையின் வரலாற்றுக்கு அவையே முதன்மைச் சான்றுகள்.