பாடநூலும் பொதுப்பணமும்

ஈப்போ நகரை அடுத்த புந்தோங், பேராக் மாநிலத்தில் தமிழர் செறிந்து வாழும் பகுதிகளுள் ஒன்று. கச்சாங் பூத்தே வணிகத்தால் பெயர்பெற்ற அவ்வூரின் தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இன்று தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மும்மொழி நூல்களையும் சுமந்து செல்கின்றது. அப்பாடநூல்களை அரசு இரவலாக வழங்குகின்றது. இந்நிலை எளிதில் வாய்த்ததன்று. நூலுக்குப் பணம் தருவோர் யார், அதன் மொழியை முடிவு செய்வோர் யார் என்னும் இரு வினாக்களும் நூறாண்டுக் காலமாகப் பின்னிப் பிணைந்தே வந்துள்ளன.

பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்களில், 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் வாழும் தோட்டத்தில் முதலாளியே பள்ளி அமைக்க வேண்டுமெனப் பணித்தது. சட்டம் பள்ளியைத் தந்தது; தரத்தைத் தரவில்லை. பல தோட்டங்களில் பள்ளி என்பது ஒரு கொட்டகை. கற்பித்தவர் கங்காணி அல்லது கிராணி. நூல்களோ தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தன. காவிரியைப் படித்த பிள்ளைக்குக் கிந்தா ஆறு பாடமாகவில்லை. மலாயும் ஆங்கிலமும் பெரும்பாலும் எட்டாமையால், பால்மரக் காட்டுக்கு அப்பால் செல்லும் வழியும் அடைபட்டுக் கிடந்தது.

1951 ஆம் ஆண்டு வெளிவந்த பார்ன்ஸ் அறிக்கை இதற்கு மாற்றாக, மலாயும் ஆங்கிலமும் பயிற்றும் தேசியப் பள்ளிகளை முன்மொழிந்தது. மலாய்க்காரரும் ஐரோப்பியரும் மட்டுமே அமர்ந்த குழு அது. அதன் திட்டத்தில் பொதுப்பணம் தேசியப் பள்ளிக்கே உரியது. தமிழ்ப்பள்ளி காலப்போக்கில் மறைய வேண்டியது. இருமொழிக் கல்வி என்னும் நற்சொல், தமிழை விலக்கிய இருமொழியாக அங்கே பொருள்பட்டது.

1956 ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை வேறு வழி கண்டது. தமிழ்வழித் தொடக்கப்பள்ளி நிலைபெறலாம். மலாயும் ஆங்கிலமும் கட்டாயப் பாடங்களாகும். பாடத்திட்டம் மலாயா நாட்டைச் சார்ந்திருக்கும். பொதுப்பணம் பெறும் பிற தொடக்கப்பள்ளிகளிலும், 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்கப்படும் என்றும் அது பரிந்துரைத்தது.

1962 இல் தொடக்கக் கல்விக் கட்டணம் நீங்கியது. ஆயினும் நூல் வாங்கும் செலவு பெற்றோரின் தோளிலேயே தங்கியது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, வேலையிழந்தோர் நகரங்களின் ஓரங்களை நாடிய காலம் அது. புத்தாண்டுப் பள்ளித் திறப்பு அத்தகைய குடும்பங்களுக்குக் கடன் மாதமாயிற்று. 1975 இல் தோன்றிய பாடநூல் இரவல் திட்டம் வறிய பிள்ளைகளுக்குக் கைகொடுத்தது. 2008 முதல் வருமான வேறுபாடின்றி அனைவர்க்கும் விரிந்தது.

பணம் வந்தது, மொழி வினா ஓய்ந்ததா? 1976 இல் ஆங்கில இடைநிலைப்பள்ளிகளின் முதல் படிவம் மலாய்வழிக்கு மாறத் தொடங்கியது. மலாயில் உரிய தேர்ச்சி பெறாத தமிழ்ப்பள்ளி மாணவர் புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்க நேர்ந்தது. 2003 இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறியபோது, சீனப்பள்ளிகள் தம் மொழியையும் உடன் வைத்துக்கொண்டன. தமிழ்ப்பள்ளிகளோ ஆங்கிலத்தையே ஏற்றன. அத்திட்டம் கைவிடப்படும் என 2009 இல் அறிவிக்கப்பட்டது. 2016 இல் இருமொழித் திட்டம் என்னும் பெயரில் அதே வினா திரும்பியது. ஆங்கிலம் உயர்வுக்கு ஏணி என்றனர் ஒருசாரார். கணிதமும் அறிவியலும் நீங்கின் தமிழ்ப்பள்ளியில் தமிழ் ஒரு பாடமாகச் சுருங்கும் என்றனர் மறுசாரார். இரண்டும் பிள்ளையின் நலன் கருதிய அச்சங்களே.

அரசு வழங்கும் நூல் கொடையன்று; மக்களின் வரிப்பணம். எனவே அதன் மொழியைப் பற்றிக் கேட்கும் உரிமையும் மக்களுக்குண்டு. 1956 இல் அவ்வுரிமை 15 பிள்ளைகளின் பெற்றோரிடம் வைக்கப்பட்டது. 2016 இன் திட்டமும் பெற்றோரின் இசைவைக் கோரியது. படிவத்தைப் படித்துப் பார்க்காமல் ஒப்பமிடும் பெற்றோர், தம் பிள்ளையின் மொழியைப் பிறர் கையில் ஒப்படைப்பவராவர். புந்தோங்கின் பெற்றோர்க்கு இவ்வரலாறு விட்டுச்சென்ற கடமை அதுவே.