வெயிலில் நிற்கும் வண்டி

கறுப்பைத் தவிர வேறு வர்ணத்தில் கார் விற்கமாட்டேன் என்று ஹென்றி போர்டு பிடிவாதம் பிடித்ததாக உலகம் முழுவதும் ஒரு வேடிக்கை வழங்குகிறது. இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவருடைய 'மாடல் டி' கார் 1908-ல் வெளிவந்த புதிதில் சிவப்பு, பச்சை, சாம்பல் என்று பல வர்ணங்களில்தான் வந்தது. கறுப்பு ஒன்றே என்ற ஏற்பாடு 1914-ல் ஆரம்பித்து 1925-ல் முடிந்துபோயிற்று. நடுவில் அந்தச் சில வருஷங்கள் மட்டும் ஏன் கறுப்பு?

கறுப்புச் சாயம் சீக்கிரம் உலரும் என்று ஒரு காரணம் சொல்லுவது வழக்கம். எனக்கென்னவோ வேறு இரண்டு காரணங்கள்தான் பெரிதாகப் படுகின்றன. அது மலிவு, வெயிலிலும் மழையிலும் நிற்கும். யூட்டா மாகாணத்துப் பூமியில் நிலக்கரி போலக் கறுப்பாகப் பளபளக்கும் ஒருவகைத் தாரை வெட்டி எடுக்கிறார்கள். கில்ஸனைட் என்று பெயர். அதை எண்ணெயோடு காய்ச்சி, தகட்டின் மேல் பூசி, அடுப்பறையில் வைத்துச் சுட்டால் கெட்டியான கறுப்பு எனாமல் கிடைக்கும். எந்தச் சாயத்துக்கும் பெரிய விரோதி சூரியனுடைய புற ஊதாக் கதிர். கறுப்பு அந்தக் கதிரைத் தானே விழுங்கிவிட்டு, கீழே இருக்கிற பசையைக் காப்பாற்றிக் கொடுக்கிறது. போர்டின் காரை வாங்கியவர்களில் அநேகர் கிராமத்துக் குடியானவர்கள். வண்டி வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிற்கும். கோழி மேலே ஏறும். அதற்கேற்ற சாயம்தான் அது.

அந்தக் காலத்துப் பணக்காரர்களின் கார் விஷயம் வேறு. குதிரை வண்டிக்குச் சாயம் அடித்த அதே கைகள்தான் முதலில் காருக்கும் சாயம் அடித்தன. ஆளி விதை எண்ணெய், கோபல் என்ற மரப் பிசின், வர்ணப் பொடி, கையில் தூரிகை. ஒரு பூச்சு பூசி, உலரவிட்டு, நுரைக்கல் பொடியால் தேய்த்து, மறுபடி பூச்சு. இப்படிப் பத்துப் பன்னிரண்டு தடவை. ஒரு காருக்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகும். நாளைக்கு ஆயிரம் கார் செய்கிற தொழிற்சாலையில் ஒவ்வொரு காரும் ஒரு மாதம் காய்ந்தால், முப்பதாயிரம் கார் கூரைக்கு அடியில் நிற்க வேண்டும். முதலாளிகளுக்குத் தூக்கம் வருமா?

இத்தனை பாடுபட்டுப் பூசிய பூச்சு வெளியில் நிற்கவும் லாயக்கில்லை. குதிரை வண்டியை லாயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதே, குதிரை மூத்திரத்தின் ஆவி பட்டால் வார்னிஷ் கெட்டுவிடும் என்று வண்டிக்காரர்களுக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். ஆவிக்கே தாங்காத வார்னிஷ் வெயிலுக்குத் தாங்குமா? மஞ்சளடித்து, பாளம் பாளமாக வெடித்துவிடும். ஆகவே காருக்கென்று ஒரு கொட்டகை வேண்டும். வருஷா வருஷம் மேல்பூச்சு புதுப்பிக்கப் பணம் வேண்டும். கொட்டகை இல்லாதவனுக்கு வர்ணம் கிடையாது, கறுப்புதான் என்பது அன்றைய நிலைமை.

இந்த நிலைமையை மாற்றியது வெடிமருந்து என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

1846-ல் ஸ்விட்ஸர்லாந்தில் பாஸெல் நகரத்து ஷோன்பைன் என்ற ரசாயன சாஸ்திரி பருத்தியை நைட்ரிக் திராவகத்தில் நனைத்து வெடிப்பஞ்சு செய்யக் கண்டுபிடித்தார். சமையலறையில் சிந்திய திராவகத்தை மனைவியின் மேலங்கியால் துடைத்து அடுப்பருகே காயப்போட்டார், அது 'குப்'பென்று எரிந்து மறைந்தது என்று ஒரு கதையும் சொல்லுவார்கள். முதல் உலக யுத்தத்தில் இந்தப் பஞ்சிலிருந்து மலைமலையாகத் துப்பாக்கி மருந்து செய்தார்கள். அமெரிக்காவில் அதைச் செய்து குவித்தது டூபாண்ட் கம்பெனி. அது 1802-லேயே வெடிமருந்துக்கென்று ஏற்பட்டது. 1918 நவம்பரில் யுத்தம் நின்றது. மருந்து வாங்க ஆள் இல்லை, ஆலைகள் இருக்கின்றன. இந்தப் பஞ்சை வேறு எதற்கு உபயோகிக்கலாம்?

கரைப்பானில் கரைத்துப் பூசினால் வெடிப்பஞ்சு கண்ணாடி மாதிரி படியும் என்பது பழைய சங்கதி. ஆனால் கரைசல் பாகு மாதிரி இழுக்கும். நீர்த்துப் பூசினால் ஒரு பூச்சில் ஒன்றும் ஏறாது. வர்ணப் பொடி ஜாஸ்தி சேர்த்தால் பூசவே முடியாது. 1920 ஜூலையில் நியூஜெர்ஸி மாகாணம் பார்லினில் இருந்த அந்தக் கம்பெனியின் ஆலையில், ஒரு ரசாயன மாறுதலால் பாகு தண்ணீராக இளகியிருப்பதைக் கண்டார்கள். இளகிய கரைசல் நிறைய வர்ணத்தைச் சுமந்தது. அதிலிருந்து பிறந்த சாயத்துக்கு 'டூகோ' என்று பெயர் வைத்தார்கள்.

ஜெனரல் மோட்டார்ஸில் ஆராய்ச்சித் தலைவராக இருந்த கெட்டரிங் இதைப் பிடித்துக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் காருக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்று அவர் சொல்ல, சாயக்காரர்கள் சிரித்தார்களாம். அவர்களில் ஒருவரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, சாப்பிட்டு முடிப்பதற்குள் அவருடைய காரை வேறு வர்ணமாக்கிவிட்டார் என்றும், மனிதர் வெளியே வந்து தம் காரைத் தேடினார் என்றும் கதை. 1924 மாடலாக வந்த 'ஓக்லண்டு' கார்தான் இந்தச் சாயத்தை முதலில் உடுத்திக்கொண்டது. வர்ணம் நீலம். இரண்டு மூன்று வருஷத்துக்குள் அந்தக் கம்பெனியின் எல்லாக் கார்களுக்கும் பரவிவிட்டது. வாரக்கணக்கு நாள்கணக்காகவும் மணிக்கணக்காகவும் சுருங்கிற்று.

இதில் இன்னொரு வேடிக்கை. டூகோ சட்டென்று உலர்ந்துவிடுவதால் தூரிகையால் இழுக்க முடியாது; பீச்ச வேண்டும். பீச்சுகிற துப்பாக்கி எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் டொலீடோ ஊரில் டிவில்பிஸ் என்ற தொண்டை வைத்தியர் நோயாளியின் தொண்டையில் மருந்தைப் புகையாகத் தெளிக்க 1888-ல் ஒரு சின்னக் கருவி செய்தார். அவருடைய மகன் அதைச் சாயத்துக்கு மாற்றினார். யுத்த மருந்தும் தொண்டை மருந்தும் சேர்ந்து நம் தெரு மூலைப் பட்டறை வரைக்கும் வந்திருக்கின்றன!

நான் சும்மா சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எந்தப் பட்டறைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். டிங்கரிங் முடித்து, பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, கடைசியில் "டூகோ அடிக்கணும் ஸார்" என்பார்கள். அமெரிக்கக் கம்பெனியின் வியாபாரப் பெயர் இங்கே தொழிலின் பெயராகவே ஆகிவிட்டது. மரச்சாமான் கடைக்காரர் பீரோவுக்குக்கூட 'டூகோ பினிஷ்' என்கிறார்.

இந்தச் சாயம் வந்த அதே சமயத்தில் அமெரிக்காவில் காரும் மாறிற்று. 1919-ல் விற்ற கார்களில் பத்தில் ஒன்றுக்குத்தான் மூடிய கூரை. 1927-ல் நூற்றுக்கு எண்பத்தைந்துக்குக் கூரை இருந்தது. மழை உள்ளே வராத வண்டி. வெயிலுக்கு உடனே வெடிக்காத சாயம். அப்புறம் கொட்டகை எதற்கு? கார் தெருவுக்கு வந்து நின்றது. இன்று வரைக்கும் நின்றுகொண்டிருக்கிறது. மோட்டார் சரித்திரம் எழுதுகிறவர்கள் என்ஜினைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதுகிறார்கள். வாடகை வீட்டுக்காரனும் கார் வைத்துக்கொள்ளலாம் என்று ஆனதில் சாயத்துக்கு இருந்த பங்கை யாரும் சொல்லக் காணோம்.

ஆனால் டூகோவும் சாகாவரம் பெற்றதல்ல. வெடிப்பஞ்சுப் படலம் தானாக வளைந்து கொடுக்காது. ஆமணக்கெண்ணெய் போன்ற ஒன்றைச் சேர்த்து மிருதுவாக்க வேண்டும். வெயிலில் அந்த மிருது போய்விடும். மேற்பரப்பு மங்கி, மாவு பூத்து, விரலால் தொட்டால் விரலில் ஒட்டும். முதலில் போவது கூரையும் பானெட்டும். அவைதான் அண்ணாந்து படுத்திருக்கின்றன.

இங்கேதான் அந்தப் பழைய சாயத்தின் நல்ல குணம் ஒன்று உண்டு. மாவு பூத்தது மேல்தோல் மட்டும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டால் கீழே புதுச் சாயம் இருக்கும். மேலும், டூகோ கரைப்பான் ஆவியாகி உலர்கிற சாயம்; மறுபடி தின்னர் பட்டால் இளகும். ஆகையால் ஓரிடத்தில் கீறல் விழுந்து புதிதாக அடித்தால், புதுப் பூச்சு பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். ஒட்டுப் போட்ட இடமே தெரியாது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் புங்க மரத்தடியில் ஓர் அம்பாஸடரை இருபது வருஷத்துக்கு மேல் வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய வேஷ்டித் துண்டும் பாலிஷ் டப்பியுமாக இறங்கிவிடுவார். "வீட்டிலே அவள் குத்துவிளக்கைத் துலக்குகிறாள், நான் இதைத் துலக்குகிறேன், அவ்வளவுதான் ஐயா" என்பார். துணியில் காரின் வர்ணம் ஏறியிருக்கும். அதாவது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் கொஞ்சம் சாயத்தைச் செலவழித்துப் பளபளப்பை வாங்கிக்கொண்டிருந்தார்.

அந்த டப்பிகளுக்கும் சரித்திரம் உண்டு. 1910-ல் சிகாகோவில் ஏற்பட்ட 'ஸைமனைஸ்' கம்பெனியின் மெழுகு, அமெரிக்கர்கள் வாயில் கார் துலக்குவதற்கே வினைச்சொல்லாகிவிட்டது. இந்த மெழுகுகளில் உயர்வாகப் பேசப்படுவது கார்னோபா. பிரேஸில் தேசத்தின் வடகிழக்கில் மழை பொய்க்கிற சீமையில் ஒரு பனை இருக்கிறது. ஓலையிலுள்ள ஈரம் காய்ந்துபோகாமல் இருக்க அது தன்மேல் தானே மெழுகு பூசிக்கொள்ளுகிறது. ஓலையை வெட்டிக் காயவைத்துத் தட்டி அந்த மெழுகை எடுக்கிறார்கள். எண்பது டிகிரிக்கு மேல்தான் உருகும். ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: அது தண்ணீரையும் அழுக்கையும் ஒட்டவிடாது, சூரியனைத் தடுப்பது அதனால் பெரிதாக ஆகாது. விளம்பரக்காரர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

1950-களின் பிற்பாதியில் அக்ரிலிக் சாயங்கள் வந்தன. டூகோவைவிட அதிக நாள் பளபளத்தன. பிறகு வந்ததுதான் பெரிய மாறுதல். ஐரோப்பாவில் 1970-களிலும் அமெரிக்காவில் 1980-களிலும் வர்ணத்தைத் தனியாகவும் பளபளப்பைத் தனியாகவும் பிரித்துவிட்டார்கள். கீழே மெல்லிய வர்ணம். மேலே வர்ணமே இல்லாத கண்ணாடிப் பூச்சு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் இருபத்தைந்தில் ஒரு பங்கு இருந்தால் ஜாஸ்தி. அதற்குள் புற ஊதாக் கதிரை உறிஞ்சும் ரசாயனங்களைக் கலந்துவைத்திருக்கிறார்கள். தெற்கு ப்ளோரிடாவிலும் அரிஸோனா பாலைவனத்திலும் சாயம் அடித்த தகடுகளைத் தெற்குப் பார்த்துப் பல வருஷம் வெயிலில் கிடத்திச் சோதிக்கிறார்கள். ஓர் இடத்தில் வெயிலும் ஈரமும், இன்னொன்றில் வெயிலும் வறட்சியும்.

சோதனை பார்த்தும் தவறு நடக்கத்தான் செய்தது. 1980-களின் கடைசியிலும் 1990-களிலும் அமெரிக்காவில் ஏராளமான கார்கள் தோல் உரிந்தன. வர்ணத்துக்கும் துரு தடுக்கும் அடிப்பூச்சுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒரு பூச்சைச் சிக்கனத்துக்காக விட்டுவிட்டார்கள். சூரியக் கதிர் மெல்லிய வர்ணத்தை ஊடுருவி அடிப்பூச்சை மாவாக்கிற்று. மேலே பளபளப்பு அப்படியே இருக்க, தாள் தாளாகச் சாயம் கழன்று காற்றில் பறந்தது.

கண்ணாடிப் பூச்சு நன்றாக அமைந்தால் பத்து வருஷம் துடைக்காமலே மின்னும், மறுக்கவில்லை. கெட்டால் மட்டும் டூகோ மாதிரி மேல்தோலைத் தேய்த்து மீட்க முடியாது. அது உலரும்போது ரசாயனப் பிணைப்பாக இறுகிவிடுகிறது; தின்னருக்கு இளகாது; புதுப் பூச்சு பழையதோடு கரையாது. கூரையில் வெள்ளைத் தேமல் மாதிரி வந்துவிட்டால், "தேய்ச்சுப் பிரயோஜனம் இல்லே ஸார், எடுத்துட்டுத்தான் அடிக்கணும்" என்று பெயிண்டர் சொல்லுவது நியாயமான பேச்சு. ஏழை ஸ்திதியில் இருக்கிறவன் இரண்டாம் கையாக வாங்கும் வண்டிக்கு இந்தச் செலவு வருகிறது. அந்தச் செலவை வாங்கிக்கொள்ளும் பெயிண்டருக்கும் கெடுதல் உண்டு. இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற பாலியூரிதேன் பூச்சில் ஐஸோஸயனேட் என்ற பொருள் இருக்கிறது. அதைச் சுவாசித்தவர்களுக்கு ஆஸ்துமா வந்து, தொழிலையே விட நேர்ந்ததுண்டு. வெளிநாட்டில் காற்றுக் குழாய் வைத்த முகமூடி போடுகிறார்கள். நம் சாலை ஓரத்தில் மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். கைக்குட்டைக்கு அந்த ஆவி நிற்காது.

வண்டியைத் தெருவில் விடுகிறவர்கள் செய்யக்கூடியது அதிகமில்லை, ஆனால் இருக்கிறது. ஈரத்துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து மறைவான ஓர் இடத்தில் தேய்த்துப் பாருங்கள். துணியில் காரின் வர்ணம் ஏறினால் பழைய பாணிச் சாயம், பயப்படாமல் தேய்க்கலாம். ஏறாவிட்டால் மேலே கண்ணாடிப் பூச்சு இருக்கிறது. அதை மிஷின் வைத்து வருஷா வருஷம் தேய்ப்பது, வெயிலைத் தடுக்கிற சரக்கையே தேய்த்து எறிவதாகும். காக்கை எச்சத்தை அன்றைக்கே நனைத்து எடுத்துவிட வேண்டும்; வெயிலில் பூச்சு இளகியிருக்கும்போது எச்சம் காய்ந்து இறுகினால் அதன் வடிவம் அப்படியே பதிந்துவிடும். கடற்கரைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் உப்பை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். உறை போடுகிறவர்கள் முதலில் தூசியைக் கழுவிவிட்டுப் போட வேண்டும்; இல்லாவிட்டால் காற்று அடிக்கும்போதெல்லாம் உறையே உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும்.