நாடகக்காரி முதல் ஆச்சி வரை

எங்கள் வீட்டில் பெண்பிள்ளைகளைத் திட்டுவதற்கென்றே ஒரு சொல் இருந்தது. நாடகக்காரி. கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றால் நாடகக்காரி. வாய்விட்டுச் சிரித்தால் நாடகக்காரி. சினிமாப் பாட்டை முணுமுணுத்தால் கேட்கவே வேண்டாம். இதை அதிகம் சொன்னது என் அத்தைதான். ஆனால் டூரிங் டாக்கீஸில் மனோரமா நடித்த படம் வந்தால், பெண்கள் பக்கத்துத் தரை டிக்கெட்டில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரிப்பதும் அதே அத்தைதான்.

ஓய்வு பெற்ற பிறகு பழைய படங்களை மறுபடி பார்க்க நேரம் கிடைக்கிறது. பார்க்கும்போதெல்லாம் இந்த முரண்பாடு மனதில் வந்து போகும். அதனால் இந்த முறை மனோரமாவைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தர்மபுரி மாவட்டம் தெருக்கூத்துக்குப் பேர் போன மண். திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, கடைசியில் படுகளம் என்று நாள்கணக்கில் நடக்கும். அதில் பாஞ்சாலி வேஷம் கட்டுவது ஆண்தான். துகிலுரிதல் கூத்து முடிந்து விடிகிற நேரத்தில், அந்த வேஷக்காரர் காலில் பெண்கள் விழுந்து கும்பிடுவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஓர் ஆண் பெண்ணாக நடித்தால் அம்மன். ஒரு பெண் பெண்ணாகவே நடித்தால் நாடகக்காரி! இதில் என்ன நியாயம் என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இது எங்கள் ஊர்க் கதை மட்டும் அல்ல. சென்னையில் 1891-இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் படித்த வக்கீல்களும் அதிகாரிகளும் நடித்தார்கள். பெண் வேடத்தையும் அவர்களே கட்டினார்கள். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாலர் நாடக சபைகளில் சிறுவர்களே ராஜாவும் ராணியும். கும்பகோணம் பாலாமணி அம்மாள் போன்ற சிலர் பெண்களை வைத்தே கம்பெனி நடத்திப் புகழ் பெற்றார்கள். கூட்டம் அலைமோதியது, ஆனால் குடும்பப் பெண் என்ற மதிப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1931-இல் வந்த ‘காளிதாஸ்’ படத்தின் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமியும், பின்னாளில் மேலவை உறுப்பினரான கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள்தாம். அந்த வரிசையில் வந்த கடைசித் தலைமுறை என்று மனோரமாவைச் சொல்லலாம்.

மனோரமாவின் இயற்பெயர் கோபிசாந்தா. 1937 மே 26 அன்று மன்னார்குடியில் பிறந்தார். தாயார் ராமாமிர்தம். தகப்பனார் இரண்டாம் திருமணம் செய்துகொண்டு மனைவியையும் கைக்குழந்தையையும் கைவிட்டார். தாயும் மகளும் பிழைப்புத் தேடிச் செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்குப் போனார்கள். தாய் வீட்டு வேலை செய்தும் பலகாரம் விற்றும் மகளைப் படிக்க வைத்தார். அவருடைய உடம்பு கெட்டதும் பள்ளிக்கூடம் நின்றது. சுமார் 11 வயதில் கோபிசாந்தாவும் வீட்டு வேலைக்குப் போனார்.

ஊருக்கு நாடகம் போட வந்த குழுவில், நடிக்க இருந்த பெண்ணுக்குப் பாட வரவில்லை. நன்றாகப் பாடுகிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று கோபிசாந்தாவை அழைத்துப் போனார்கள். நாடகத்தின் பெயர் ‘அந்தமான் காதலி’. மனோரமா என்ற பெயரும் நாடகக்காரர்கள் வைத்ததுதான். மேடைக்கு வந்தது கலை ஆர்வத்தால் மட்டும் அல்ல, அடுப்பு எரிவதற்காகவும்தான். நம் ஊரில் நாடகக்காரி என்று பழிக்கப்பட்ட பெண்களில் பலருக்கும் கதை ஏறக்குறைய இதுவேதான்.

பிறகு எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் சேர்ந்தார். அது திராவிட இயக்க நாடகங்கள் தமிழ்நாட்டைக் கலக்கிக்கொண்டிருந்த காலம். அண்ணாவுடனும் கலைஞருடனும் மேடையில் நடித்தார். திரையில் எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவின் என்.டி. ராமாராவ் ஆகியோருடன் நடித்தார். ஐந்து முதலமைச்சர்களுடன் நடித்தவர் என்று இதனால்தான் சொல்கிறார்கள். இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அந்த ஐவரும் அரியணை வரை போனார்கள். மனோரமாவோ கடைசிவரை நடிகையாகவே உழைத்தார்.

1958-இல் கவிஞர் கண்ணதாசன் தயாரித்த ‘மாலையிட்ட மங்கை’தான் அவருடைய முதல் படம். கண்ணதாசன் கொடுத்தது நகைச்சுவை வேடம். மேடையில் கதாநாயகியாக நின்றவருக்கு அதில் தயக்கம் இருந்தது. நகைச்சுவைதான் நிலைத்து நிற்கும் என்று கவிஞர் தைரியம் சொன்னதாக மனோரமாவே பலமுறை நன்றியோடு பேசியிருக்கிறார். கவிஞரின் வாக்கு பலித்தது. அன்றைய கதாநாயகிகளில் பலர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அண்ணி வேடத்துக்கும் அம்மா வேடத்துக்கும் நகர்ந்துவிட்டார்கள். மனோரமா ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடித்தார்.

அவர் கதாநாயகியாக நடித்த படமும் உண்டு. அது எங்கள் பக்கத்தில் உருவானது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை. 1963-இல் வந்த ‘கொஞ்சும் குமரி’. ஜோடி ஆர்.எஸ். மனோகர். தயாரித்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ். அப்போது தர்மபுரி தனி மாவட்டம் இல்லை. 1965 அக்டோபர் 2 வரை சேலம் ஜில்லாவோடுதான் இருந்தோம். ஏற்காடு சாலையில் டி.ஆர். சுந்தரம் கட்டிய அந்த ஸ்டுடியோ எங்களுக்கு ஜில்லாத் தலைநகரத்து அதிசயம். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-இல் அங்கேதான் தயாரானது. கலைஞரும் கண்ணதாசனும் அங்கே சம்பளத்துக்கு எழுதியவர்கள். பொருளை உள்ளபடி எடை போடத் தெரிந்தவர் சுந்தரம் முதலியார் என்பார்கள். நகைச்சுவை நடிகை என்று முத்திரை விழுந்திருந்த பெண்ணைக் கதாநாயகியாக்க அந்த நிறுவனத்துக்குத் துணிச்சல் இருந்தது. ஸ்டுடியோ போய்விட்டது, அதன் நுழைவு வளைவு மட்டும் இன்றும் நிற்கிறது. சேலம் போகிறவர்கள் பார்க்கலாம்.

சொந்த வாழ்க்கையில் அவருக்கு நேர்ந்ததும் தாயின் கதையாகவே ஆனது. 1964-இல் உடன் நடித்த நாடக நடிகரை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். மணவாழ்க்கை இரண்டு ஆண்டுகூட நிலைக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தாயாரும் மகனும் வீட்டில். இவர் ராத்திரி பகலாகப் படப்பிடிப்பில். நாகேஷோடும், சோவோடும், தேங்காய் சீனிவாசனோடும் அவர் நம்மைச் சிரிக்க வைத்தபோது, வீட்டில் அந்தக் கவலை இருந்திருக்கிறது.

இனி 1968-க்கு வருகிறேன். ஏ.பி. நாகராஜனின் ‘தில்லானா மோகனாம்பாள்’. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர்கதை. சிவாஜியும் பத்மினியும் உச்சத்தில் இருந்த நேரம். டி.எஸ். பாலையா, நாகேஷ், பாலாஜி என்று பெரிய கூட்டம். அத்தனை பேருக்கு நடுவில் ஜில் ஜில் ரமாமணி வருகிறாள். அவள் யார்? ஒரு நாடகக்காரி! பளபளப்பான உடை, இழுத்துப் பேசும் பேச்சு, வெள்ளந்தியான மனசு. முதலில் பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய நல்ல குணம் தெரிந்ததும் சிரிப்பு மரியாதையாக மாறிவிடும். நாதஸ்வர வித்துவான் சண்முகசுந்தரமும் அவளைக் கேவலமாகப் பார்க்கவில்லை. இந்த வேடத்தை வேறு யாராவது கேலிப்பொருளாக முடித்திருப்பார்கள். மனோரமாவுக்கு அந்த வாழ்க்கை உள்ளிருந்து தெரியும். வண்டி கட்டி ஊர் ஊராகப் போய்ப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஆடிய பெண்களுக்கெல்லாம் சேர்த்து அவர் வாங்கிக் கொடுத்த மரியாதை அது என்று நான் நினைக்கிறேன்.

அவருடைய இன்னொரு பெரிய கொடை பேச்சு. தமிழ்நாட்டின் எந்தப் பக்கத்துத் தமிழும் அவர் வாயில் வரும். 1967-இல் ‘அனுபவி ராஜா அனுபவி’ படத்தில் தூத்துக்குடிப் பேச்சு. மறு ஆண்டு ‘பொம்மலாட்ட’த்தில் சோவோடு சென்னைக் குப்பத்துத் தமிழ், அதில் பாட்டையும் அவரே பாடினார். செட்டிநாட்டுத் தமிழ் வளர்ந்த ஊரின் பேச்சு, அதனால் கைவந்த கலை. 1992-இல் ‘சின்னக் கவுண்டர்’ வந்தபோது கொங்குப் பேச்சு. கொங்குத் தமிழ் எங்களுக்குப் பக்கத்து வீட்டுப் பேச்சு; பிசகினால் உடனே தெரிந்துவிடும். மனோரமாவிடம் பிசகவில்லை. அந்தப் படத்தில் பல்லைத் துருத்திக்கொண்டு விஜயகாந்துக்குத் தாயாக வருவார். அழகைக் கெடுத்துக்கொள்ளப் பயப்படாத நடிகை எத்தனை பேர்? முன்பு இந்த வட்டாரப் பேச்சையெல்லாம் படித்தவர்கள் கொச்சை என்று ஒதுக்கினார்கள். கிராமத்துப் பெண்கள் தங்கள் பேச்சைத் திரையில் கேட்டது பெரும்பாலும் இவர் வாயால்தான்.

1986-இல் விசுவின் ‘சம்சாரம் அது மின்சாரம்’ படத்தில் வீட்டு வேலைக்காரி கண்ணம்மாவாக வந்தார். சிறுவயதில் உண்மையிலேயே வீட்டு வேலை பார்த்தவர் அல்லவா! பிரிந்து கிடக்கும் குடும்பத்தில் நியாயம் பேசுகிறவள் அந்த வேலைக்காரிதான். 1989-இல் பார்த்திபனின் ‘புதிய பாதை’க்காகத் துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. 1991-இல் ‘சின்னத்தம்பி’யில் விதவைத் தாயாக வந்து தியேட்டரையே அழ வைத்தார். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தவர் என்று கின்னஸ் புத்தகத்தில் பெயர் ஏறியது. ஐம்பது ஆண்டு என்று வைத்தாலும் ஆண்டுக்கு 20 படம்! தொலைக்காட்சி வந்த பிறகு தொடர்களிலும் நடித்தார். டூரிங் டாக்கீஸில் அவரைப் பார்த்துச் சிரித்த பெண்கள், பாட்டியான பிறகு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவரைப் பார்த்தார்கள். 2002-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஆனால் இவ்வளவு உயரத்திலும் நடிகையின் பிழைப்பு நூலில் தொங்குவதுதான். 1996 தேர்தலில் ஜெயலலிதாவுக்காகப் பிரசாரம் செய்தபோது ரஜினிகாந்தைக் கடுமையாகப் பேசினார். அதன் பிறகு கொஞ்ச காலம் பட வாய்ப்புகள் குறைந்தன. ரஜினி மனதில் வைத்துக்கொள்ளாமல் தன் ‘அருணாச்சலம்’ படத்தில் அவரை நடிக்க வைத்தார். அது ரஜினியின் பெருந்தன்மை. ஒரு மேடைப் பேச்சுக்காக, முப்பத்தெட்டு வருஷம் உழைத்த ஒருவர் வாய்ப்புக்குக் காத்திருக்க நேர்ந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் காலமானார். வயது 78. கட்சி வேறுபாடு பார்க்காமல் தலைவர்கள் வந்தார்கள். எல்லோர் வாயிலும் ஒரே சொல், ஆச்சி. செட்டிநாட்டில் மணமான பெண்களை மரியாதையாக அழைக்கும் சொல் அது. அந்த ஊரில் வீட்டு வேலை செய்த பெண், கடைசியில் தமிழ்நாட்டுக்கே ஆச்சியானார். இதைவிடப் பெரிய பட்டம் எந்த அரசாங்கமும் கொடுக்க முடியாது.

இருந்தாலும் என் மனதில் ஒரு கேள்வி நிற்கிறது. ஒரு நடிகையை மதிப்பதற்கு அவளை அம்மாவாக, ஆச்சியாக மாற்றிக்கொண்டால்தான் நமக்கு மனசு வருகிறது. சிவாஜியை நடிகர் திலகம் என்றோம். தொழிலைச் சொல்லியே மதித்தோம். பெண்ணுக்கு மட்டும் உறவு முறை வேண்டியிருக்கிறது. ஜில் ஜில் ரமாமணி யாருக்கும் அம்மா இல்லை, ஆச்சி இல்லை. அவள் நாடகக்காரி, அவ்வளவுதான். அப்படியே அவளுக்கு மரியாதை கிடைக்கிறது என்பதுதான் அந்த வேடத்தின் அழகு.

எங்கள் தர்மபுரிப் பக்கத்தில் இப்போது பெண்பிள்ளைகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடுகிறார்கள், நடிக்கிறார்கள். பெற்றவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து செல்போனில் படம் பிடிக்கிறார்கள். என் அத்தை காலத்து வசவு எங்கள் வீட்டில் இப்போது காதில் விழுவதில்லை. அது மனோரமா ஒருவரால் நடந்ததென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் முகம்தான். நாடகக்காரி என்பது திட்டு அல்ல, ஒரு தொழிலின் பெயர். அந்தத் தொழிலை அவரைவிட நன்றாகச் செய்தவர்கள் வெகு சிலரே.