நண்பகல் நேரத்து மயக்கம் படத்தில் பழைய தமிழ்த் திரைப்படங்கள்

நண்பகல் நேரத்து மயக்கம் என்பது லிஜோ ஜோஸ் பெல்லிசேரி இயக்கி, மம்முட்டி தயாரித்து நடித்த மலையாள-தமிழ்த் திரைப்படம் ஆகும். எழுத்தாளர் எஸ். ஹரீஷ் திரைக்கதை அமைத்தார். தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு செய்தார். 2022 டிசம்பரில் கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, 2023 ஜனவரி 19 அன்று திரையரங்குகளில் வெளியானது. காணாமற்போன ஒருவரின் குடும்பத்தில் தங்கிவிட்ட துயரத்தை, வேற்றுடலில் ஒருவர் திரும்பி வரும் அமானுடக் கதையாக இப்படம் சொல்கிறது. அதற்குப் பழைய தமிழ்த் திரைப்படங்களின் பாடல்களும் வசனங்களும் எவ்வாறு பயன்படுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

கதைச் சுருக்கம்

(முடிவு உட்பட முழுக்கதையும் இங்கு உள்ளது.)

ஜேம்ஸ் என்பவரின் தலைமையில் கேரள நாடகக் குழு ஒன்று வேளாங்கண்ணி சென்று பேருந்தில் ஊர் திரும்புகிறது. ஜேம்ஸுக்குத் தமிழ்நாட்டு உணவு பிடிக்கவில்லை. தமிழ்ப் பாட்டும் பிடிக்கவில்லை. மதிய உணவுக்குப் பின் அனைவரும் உறங்குகையில் அவர் விழித்தெழுந்து, வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டின் ஊடாக ஒரு சிற்றூருக்குள் நடக்கிறார். ஒரு வீட்டிற்குள் நுழைந்து, அங்கிருந்த லுங்கியைக் கட்டிக்கொள்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் காணாமற்போன சுந்தரத்தின் வீடு அது. அந்நொடி முதல் அவர் சுந்தரமாகவே பேசுகிறார், நடக்கிறார். மறுநாள் ஊரே உறங்கும் நண்பகலில், அவரும் உறங்கி எழுந்து ஜேம்ஸாகப் பேருந்திற்குத் திரும்புகிறார். ஆவி புகுந்ததா, கனவா, நாடகமா என்ற கேள்விக்குப் படம் விடை தருவதில்லை.

படப்பிடிப்பு பழனிக்கு அருகிலுள்ள மஞ்சநாயக்கன்பட்டியில் நடைபெற்றது.

பழைய படங்களின் ஒலி

இப்படத்தில் வழக்கமான பின்னணி இசை ஒலிக்க வேண்டிய இடங்களைப் பெரும்பாலும் வானொலியும் தொலைக்காட்சியும் நிரப்புகின்றன. அசையாத நீண்ட காட்சிகளில் முன்னே ஒருவர் நின்றிருக்க, பக்கத்து வீட்டிலிருந்து கருப்பு-வெள்ளைக் காலத்துப் பாடலோ வசனமோ கேட்டுக்கொண்டே இருக்கும். அண்மைக்காலம் வரை தமிழக ஊர்களின் பகற்பொழுது உண்மையில் இப்படித்தான் ஒலித்தது என்பதால், இதை அலங்காரம் என்று ஒதுக்கிவிட இயலாது.

சுந்தரத்தின் தாய் பார்வையற்றவர். தொலைக்காட்சிக்கு முன்னே அமர்ந்து பழைய படங்களைக் காதால் கேட்பதே அவரது நாள். அவர் கேட்கும் காலத்துக் குரல்களுக்கு உரியவர்களில் பலர் இன்று இல்லை. எம். ஆர். ராதா 1979இலும், கண்ணதாசன் 1981இலும், சிவாஜி கணேசன் 2001இலும், டி. எம். சௌந்தரராஜன் 2013இலும் மறைந்தனர். எனினும் அத்தலைமுறையின் குரல்கள் நாள்தோறும் வீட்டிற்குள் வருகின்றன. உடல் இல்லாமல் குரல் மட்டும் வருவது அத்தாய்க்குப் புதிதன்று. ஆகவே மகனாகப் பேசி வந்தவரை அவர் தயக்கமின்றி ஏற்கிறார். முகத்தைப் பார்க்க முடிந்த மனைவி பூங்குழலியும் (ரம்யா பாண்டியன்) மகளுமே திகைக்கின்றனர். படத்தின் மிக நுட்பமான பகுதி இதுவே எனலாம்.

சுந்தரத்தின் தந்தையாக நடித்த 'பூ' ராமு, படம் வெளிவருமுன் 2022 ஜூன் 27 அன்று காலமானார்.

கௌரவம் காட்சி

மதுக்கடைக் காட்சியொன்றில் சுந்தரமாக மாறிய ஜேம்ஸ், கௌரவம் (1973) படத்தின் வசனத்தைச் சிவாஜி கணேசனைப் போலவே நடித்துக் காட்டுகிறார். கௌரவம் படத்தில் பாரிஸ்டர் ரஜினிகாந்த், அவர் வளர்த்த கண்ணன் ஆகிய இரு வேடங்களையும் சிவாஜியே ஏற்றிருந்தார். அங்கே ஒரு நடிகர் இரண்டு உடல்களாகத் தோன்றினார். இங்கே ஒரே உடலில் இருவர் இருக்கின்றனர். கௌரவம் மேடை நாடகத்திலிருந்து உருவான படம், ஜேம்ஸும் நாடகக்காரர். கௌரவத்தை இயக்கியவர் வியட்நாம் வீடு சுந்தரம் என்பது தற்செயலானதாயினும் சுவையான ஒற்றுமை. சுற்றியிருப்போருக்கு இது குடிகாரரின் கூத்து. பார்வையாளருக்கோ, தமிழ்ப் பாட்டையே வெறுத்த மனிதருக்குள் ஒரு தமிழரின் திரை நினைவுகள் முழுமையாகக் குடியேறிவிட்டதற்கான சான்று.

முடிவுறாத் துயரம்

காணாமற்போனவரின் குடும்பம் படும் துயரை 'தெளிவற்ற இழப்பு' என அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் 1970களில் பெயரிட்டார். உடல் கிடைக்காதபோது ஈமச்சடங்கு இல்லை, பதினாறாம் நாள் காரியம் இல்லை; மனைவி கைம்பெண்ணும் அல்லர், கணவனுடன் வாழ்பவரும் அல்லர். ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றித் தகவலே இல்லாவிட்டால் அவர் இறந்ததாகக் கருத 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் இடமளித்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாட்சிய அதினியமும் அவ்விதியைத் தொடர்கிறது. சுந்தரம் போய் இரண்டு ஆண்டுகளே ஆகியுள்ளன. சட்டமும் சடங்கும் தராத விடைபெறுதல் அக்குடும்பத்திற்கு ஒரு பகலும் ஓர் இரவும் கிட்டுகிறது. இதே இயக்குநரின் ஈ.ம.யூ. (2018), தந்தையின் உடலை முறைப்படி அடக்கம் செய்யப் போராடும் மகனின் கதை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பயனுடையது.

ஒப்பீடு

ஆன்டனி மிங்கெல்லாவின் 'ட்ரூலி, மேட்லி, டீப்லி' (1990) என்னும் ஆங்கிலப் படத்தில் இறந்த காதலன் ஆவியாக வந்து, பிற ஆவிகளையும் கூட்டிவந்து, காதலியின் வீட்டில் ஒளிநாடாவில் படங்கள் பார்க்கிறான். அங்கே பழைய படம் இறந்தோரின் பொழுதுபோக்கு. நண்பகல் நேரத்து மயக்கத்தில் அது உயிரோடிருப்போரின் துணை.

விருதுகள்

2022ஆம் ஆண்டுக்கான கேரள மாநிலத் திரைப்பட விருதுகளில் இப்படம் சிறந்த படமாகவும், மம்முட்டி சிறந்த நடிகராகவும் தேர்வாயினர். கேரளப் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் பார்வையாளர் வாக்களிப்பு விருதையும் இப்படம் பெற்றது.