தபாலில் வந்த மண்

பால்குடிக் குழந்தையின் நாக்கில் தயிர் ஒட்டினாற்போல் வெண்படலம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். துடைத்தாலும் எளிதில் போகாது. அது பால் அன்று; கேன்டிடா என்னும் ஈஸ்ட். ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்டுக்கு இது உறவினம். 1839-இல் லாங்கன்பெக் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் நோயாளி ஒருவரிடம் இந்தப் பூஞ்சையைக் கண்டு எழுதி வைத்தார். நலமாக உள்ள பலருடைய வாயிலும் குடலிலும் இது சத்தமின்றிக் குடியிருக்கிறது.

அப்படியானால் இதற்கு ஏன் அஞ்சவேண்டும்? குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வரை ஈஸ்ட் அடங்கியிருக்கும். 1940-களில் பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் வந்தன. அவை பாக்டீரியாவை வீழ்த்தின. ஈஸ்டை ஒன்றும் செய்யவில்லை. காலி மனையில் களை மண்டுவது போல் கேன்டிடா பெருகியது. நிமோனியாவிலிருந்து பிழைத்தவர் பூஞ்சை நோயில் மாட்டிக்கொண்டார்!

பூஞ்சையைக் கொல்லும் மருந்து அன்று ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். காரணம் எளிது. பாக்டீரியாவின் செல் நம் செல்லிலிருந்து வெகுவாக வேறுபட்டது. பூஞ்சையின் செல்லோ, உட்கருவும் பிற உறுப்புகளுமாக, நம்முடையதைப் போன்றது. அதைக் கொல்லும் நஞ்சு நம்மையும் கொல்லும்.

இந்தச் சிக்கலில் கைவைத்தவர்கள் இரு பெண்மணிகள். எலிசபெத் ஹேசன் நுண்ணுயிர் அறிஞர். நியூயார்க் நகரில் இருந்தார். ரேச்சல் பிரவுன் வேதியியலார்; ஆல்பனி நகரில் இருந்தார். இருவரும் நியூயார்க் மாநிலச் சுகாதாரத் துறை ஊழியர்கள். இருவருக்கும் இடையே சுமார் 240 கிலோமீட்டர் தூரம். இணைத்தது எது தெரியுமா? தபால்தான்.

ஹேசன் அம்மையார் பல இடங்களிலிருந்து மண்ணைத் திரட்டி, அதில் வாழும் நுண்ணுயிர்களை வளர்ப்பார். கேன்டிடாவை எதிர்ப்பது எதுவோ அதைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனிக்கு அனுப்புவார். பிரவுன் அம்மையார் அதிலுள்ள மருந்துப் பொருளைக் கரைப்பான்களால் பிரித்தெடுத்துத் திருப்பி அனுப்புவார். மீண்டும் சோதனை. ஜாடிகளில் என்ன இருக்கிறது என்று தெரிந்திருந்தால் தபால்காரர் தொட்டிருப்பாரோ என்னவோ! பூஞ்சையைக் கொன்றவற்றுள் பெரும்பாலானவை சோதனை விலங்குகளையும் கொன்றன. 1948-இல் வர்ஜீனியா மாநிலத்தில் தம் நண்பர்களான நர்ஸ் குடும்பத்தாரின் பண்ணையிலிருந்து ஹேசன் எடுத்துவந்த மண்ணில் தேடியது கிடைத்தது. அதிலிருந்த உயிரிக்கு 'ஸ்ட்ரெப்டோமைசிஸ் நர்சியை' என்று அந்தக் குடும்பத்தின் பெயரே சூட்டப்பட்டது.

1950-இல் கண்டுபிடிப்பு வெளியானது. மருந்துக்கு, நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கி, நிஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள். சம்பளம் கொடுத்த அரசுக்கு இதைவிட நல்ல மரியாதை வேறில்லை. காப்புரிமை வழியே வந்த தொகை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கும் மேல். இருவரும் அதிலிருந்து ஒரு காசும் எடுக்கவில்லை. முழுவதையும் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டனர். 1966-இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, கலைப்பொருள்களில் படர்ந்த பூசணத்தை நீக்கவும் இம்மருந்து உதவிற்று.

ஆனால் நிஸ்டாட்டினை வாயிலும் தோலிலும் தடவலாம். விழுங்கினால் குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போகாது. ஊசியாகப் போடவோ நச்சுத்தன்மை அதிகம். கேன்டிடா இரத்தத்தில் புகுந்துவிட்டவருக்கு அது பயன்படாது. யாருக்கு இப்படி நேர்கிறது? புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்தவர், குறைமாதத்தில் பிறந்த சிசு, வயிற்றில் பெரிய அறுவை நடந்தவர், பெரிய நரம்பில் பல நாள் குழாய் பொருத்தப்பட்டவர். கவனியுங்கள்: இவர்களில் பலரை உயிருடன் வைத்திருப்பதே புதிய மருத்துவம். அந்தக் குழாயின் உட்சுவரிலேயே ஈஸ்ட் படலமாக ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கூடுமானவரை குழாயை அகற்றுவதும் சிகிச்சையின் ஒரு பகுதி.

1950-களின் நடுவில் வெனிசுவேலாவின் ஓரினோகோ ஆற்றுப்பகுதி மண்ணிலிருந்து ஆம்ஃபோடெரிசின் கிடைத்தது. பூஞ்சைச் செல்லின் உறையில் எர்கோஸ்டிரால் என்ற கொழுப்புப் பொருள் உண்டு; மருந்து அதைப் பற்றிச் செல்லை ஒழுகச் செய்கிறது. நம் செல்லில் இருப்பது கொலஸ்டிரால். இரண்டும் ஒரே சாயல்! அதனால் நோயாளிக்குக் குளிர்காய்ச்சல் உதறியது, சிறுநீரகம் கெட்டது. மருத்துவர்கள் பெயரையே திரித்து 'ஆம்ஃபோடெரிபிள்' என்றார்கள். என்றாலும் பல ஆண்டுகள் அதைவிட்டால் வேறு வழி சொற்பமே. பிறகு கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து கொடுத்து அதன் கொடுமையைத் தணித்தனர்.

1988-இல் இங்கிலாந்தில் ஃப்ளூகோனசோல் விற்பனைக்கு வந்தது, மாத்திரையாகவே விழுங்கலாம். 1994-இல் வெளியான ஓர் ஒப்பீட்டு ஆய்வு, வெள்ளணுக்கள் குறையாத நோயாளிகளிடம் அது ஆம்ஃபோடெரிசினுக்கு இணையாக வேலை செய்கிறது, தீங்கு குறைவு என்று காட்டியது. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கேஸ்போஃபங்கின் குறிவைப்பது பூஞ்சையின் செல்சுவரை. நம் செல்லுக்குச் சுவரே கிடையாது! தேடிய வேறுபாடு ஒருவழியாகக் கிடைத்தது.

எதிரி சும்மா இருந்தானா? 2009-இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து புதிய இனம் ஒன்று அறியப்பட்டது. காது என்ற பொருளில் கேன்டிடா ஆரிஸ் எனப் பெயர் பெற்ற அது, பெரும்பாலும் ஃப்ளூகோனசோலுக்கு அசைவதில்லை. கட்டிலிலும் கருவிகளிலும் வாரக்கணக்கில் ஒட்டியிருந்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுகிறது. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் மிக அபாயமான நான்கு பூஞ்சைகளுள் ஒன்றாக அதைச் சேர்த்தது. இது மருத்துவமனைக்கு வெளியே எங்கே வாழ்ந்தது? 2021-இல் இந்திய ஆய்வாளர்கள் அந்தமான் தீவுகளின் சதுப்பு நிலத்திலும் கடற்கரை மணலிலும் அதைக் கண்டனர். சதுப்பில் கிடைத்த ஒரு வகை மருந்துகளுக்குப் பணிந்தது. அதிக வெப்பத்தில் மெதுவாகவே வளர்ந்தது.